வேதனை முகம் வரையும்போது எங்கே சறுக்குகிறோம்?

வேதனைப்படும் முகத்தை வரையச் சொன்னால் பலரும் முதலில் வாயைத்தான் அகலத் திறந்துவிடுகிறார்கள். கன்னத்தில் கண்ணீர், பின்னணியில் கறுப்பு. படம் கத்தும், பார்ப்பவருக்கு வலிக்காது.

உண்மையில் பெரிய தவறு புருவத்தில் நடக்கிறது. இரண்டு புருவத்தையும் மூக்கை நோக்கிக் கீழே இழுத்தால் வருவது கோபம். துயரத்தில் புருவங்களின் உள்முனை மேலே ஏறும், நெற்றியின் நடுவில் மட்டும் சுருக்கம் விழும். இதைச் செய்யும் தசைகளைச் சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியான தன் நூலில் 'துயரத் தசைகள்' என்றே குறிப்பிட்டார். நினைத்தவுடன் அவற்றை அசைக்க எல்லோராலும் முடிவதில்லை என்பதையும் கவனித்தார். அதனால்தான் நண்பரை உட்காரவைத்து, "அழுகிற மாதிரி முகத்தை வைப்பா" என்று எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவது பெரும்பாலும் உதவாது. வாய் அழும், நெற்றி சும்மா இருக்கும்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வதைப்பது. ஃப்ரீடா காலோவின் 'உடைந்த தூண்' (1944) ஓவியத்தைப் பாருங்கள். உடம்பு பிளந்து, முதுகெலும்பின் இடத்தில் விரிசல் விட்ட தூண். தோலெங்கும் ஆணிகள். கண்ணீரும் உண்டு. ஆனால் வாய் மூடியிருக்கிறது, பார்வை நேராக நம்மேல். அந்த முகமும் கோணியிருந்தால் ஆணிகள் இவ்வளவு உறைத்திருக்காது.

கையை மறந்துவிடுவதும் உண்டு. இலியா ரேபின் 1885-இல் முடித்த ஓவியத்தில், மகனை அடித்துச் சாய்த்துவிட்ட ரஷ்ய மன்னன் இவான், ஒரு கையால் அவனை அணைத்து, மறு கையால் தலைக் காயத்தைப் பொத்திப் பிடித்திருக்கிறான். பிதுங்கிய கண்களை மட்டும் பார்த்தால் வெறி பிடித்தவன் போலிருக்கும். அந்தக் கைதான் அவனைத் தகப்பனாகக் காட்டுகிறது.

கறுப்பும் சிவப்பும் கட்டாயமில்லை. பிக்காசோவின் 'அழும் பெண்' (1937) பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறாள், தலையில் பளிச்சென்ற தொப்பி வேறு.

அப்புறம் கண்ணீர். அதை வெள்ளைக் கோடாக இழுக்காதீர்கள். துளிக்குள் தெரிவது தோலின் நிறம்தான். ஒரு ஓரத்தில் சின்ன ஒளிப்புள்ளி, கீழே மெல்லிய நிழல் போதும். அதைவிட முக்கியம், இமை விளிம்பையும் மூக்கு நுனியையும் கொஞ்சம் சிவக்க வையுங்கள். அது இல்லாவிட்டால் கன்னத்தில் கிளிசரின் தடவிய மாதிரிதான் இருக்கும்.