குரோஷாவில் குழந்தைப் போர்வை: எங்கே தவறு நடக்கிறது?

வளைகாப்பு சமயத்தில் தொடங்கினால் பெயர் வைக்கும் நாளுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் பலரும் குரோஷா கொக்கி ஊசியை எடுக்கிறார்கள். பாதியில் நின்றுபோன போர்வைகளைப் பார்த்தால், பெரும்பாலும் நூல் வாங்கும்போதோ முதல் நாலைந்து வரிசைகளிலோதான் காரியம் கெட்டிருக்கும்.

கடையில் கை முதலில் போவது புசுபுசுவென்ற நூலின் மேல்தான். கைக்குழந்தைக்கு அது வேண்டாம். மொஹேர் போன்றவை முடி உதிர்க்கும்; அது குழந்தையின் வாய்க்குப் போகும். பின்னும்போது கண்ணிகளும் (ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) தெரியாது, தப்பானால் பிரிக்கவும் வராது. சென்னை, மதுரை வெயிலுக்குப் பருத்தி நூலே நல்லது. ஊட்டிப் பக்கம் என்றால் மென்மையான அக்ரிலிக் இருக்கலாம். அக்ரிலிக்கில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், உருகித் தட்டையாகிவிடும். எல்லா நூல்கண்டிலும் சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குப் போடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள். வெள்ளைதானே என்று விட்டால் அதிலும் வித்தியாசம் தெரியும்.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. கணக்கைப் பாருங்கள்: 10 செ.மீ.க்கு 16 கண்ணி வந்தால் 75 செ.மீ. அகலத்துக்கு 120 கண்ணி. உங்கள் கை தளர்வாக ஓடி 14 கண்ணிதான் வருகிறது என்றால், அதே 120 கண்ணி 86 செ.மீ. ஆகிவிடும். நூலும் பாதியில் தீரும்.

அடிச் செயின், அதாவது முதலில் போடும் சங்கிலி வரிசை, இறுகினால் போர்வை கீழே சுருங்கி, மேலே விரியும். அந்த வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி போதும்.

எல்லாரையும் அழவைப்பது ஓரம்தான். சதுரமாக ஆரம்பித்தது பத்து வரிசைக்குள் பட்டமாக மாறும். டபுள் குரோஷாவில் (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான கண்ணி) அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது போடும் 3 செயின், பொதுவாக ஒரு கண்ணியாகக் கணக்கு. அதனால் அடுத்த கண்ணியை இரண்டாவது கண்ணியில் குத்த வேண்டும். அந்த 3 செயினின் அடியிலேயே குத்தினால் ஒன்று கூடும். வரிசை முடிவில், முந்தைய வரிசையின் அந்த 3 செயின் உச்சியிலும் ஒரு கண்ணி போட வேண்டும். அதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். 120 கண்ணிக்கு அடியில் 122 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் தொடங்குங்கள். இரு ஓரத்திலும் வேறு நிற நூல் துண்டைச் செருகி வைத்தால் கண்ணி தப்பாது. ஒவ்வொரு வரிசையும் எண்ணுவது அலுப்புதான், ஆனாலும் இருபது வரிசை பிரிப்பதற்கு அது தேவலை.

வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் அது அமெரிக்க முறையா, பிரிட்டிஷ் முறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டபுள் என்பது (இங்கே நான் சொன்னதும் அதுதான்) இங்கிலாந்தில் டிரெபிள். இங்கிலாந்தின் டபுள் அமெரிக்காவில் சிங்கிள்.

பெரிய ஓட்டை விழும் டிசைனில் குழந்தையின் விரல் மாட்டும். குஞ்சம், பொத்தான், முத்து எதுவும் வேண்டாம். நூல் முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் துவைக்கத் துவைக்க அவிழும், 15 செ.மீ. விட்டு, தையல் ஊசியால் இரண்டு மூன்று திசைகளில் கோத்து மறையுங்கள். ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் மேல் தளர்வான போர்வை கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மடியில் வைத்திருக்கும்போதும், பக்கத்தில் ஆளிருக்கத் தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைக்கும்போதும் பயன்படட்டும்.

கொடுக்குமுன் ஒருமுறை துவைத்து, தட்டையாக விரித்து உலர்த்துங்கள். கொடியில் போட்டால் ஈரப் பருத்தி தன் கனத்திலேயே நீண்டுவிடும். நூலின் லேபிளையும் சேர்த்தே கொடுங்கள், துவைக்கப்போவது குழந்தையின் பாட்டியாக இருக்கலாம்.