எற்பாடு: ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு என்று பள்ளியில் படித்திருப்போம். பொழுது சாயும் நேரம் என்ற பொருளும் தெரியும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் தேடியபின் கிடைத்த வழி இது.

படி 1: ஒட்டைப் பிரியுங்கள்.

நான் நெடுநேரம் சிக்கி நின்ற இடம் இதுதான். அகராதியில் 'எற்' பக்கங்களைப் புரட்டினேன். எற்றுதல் என்றால் மோதுதல்; அலை கரையை எற்றும் பொழுது என்று நெய்தலோடு பொருத்தியும் விட்டேன். அவ்வளவு அழகாகப் பொருந்தியது, ஆனால் தவறு. 'ப'வுக்கு முன் நிற்கும் 'ற்' பெரும்பாலும் 'ல்' அல்லது 'ன்' திரிந்து வந்தது. சொல் + பொருள் சொற்பொருள். கல் + பலகை கற்பலகை. அப்படியே எல் + பாடு எற்பாடு. ஆகவே 'எல்' பக்கத்தைத் திறக்க வேண்டும்.

படி 2: எல் என்றால் ஒளி. 'எல்லே இலக்கம்' என்கிறது தொல்காப்பியம்; இங்கே இலக்கம் என்பது எண் அல்ல, ஒளி. ஞாயிற்றுக்கு எல்லவன் என்றே பெயர்.

படி 3: சுடு சூடாவது போல, கெடு கேடாவது போல, படு பாடாகிறது. படுதல் என்றால் மறைதல்; தோன்றுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அதனால் எற்பாட்டைக் காலை என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள். நான் மறைதல் பக்கம். நற்றிணையில் வரும் 'படுசுடர்' மறையும் ஞாயிறுதான். இலங்கைத் தமிழர் பேச்சில் 'பொழுதுபட' என்றால் இன்றும் மாலை நேரம். பேச்சில் உயிரோடு இருக்கும் சான்றை நான் எந்த அகராதிக்கும் முன்னால் வைப்பேன்.

அகராதி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேற்கோள் காட்டாத சொற்பட்டியல்களை நம்பாதீர்கள்.

பின்சேர்ப்பு: எற்பாடும் மாலையும் ஒன்றா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. இன்றைய பாடநூல் கணக்கில் எற்பாடு பிற்பகல் 2 மணி முதல் 6 வரை; மாலை 6 முதல் 10 வரை, அது முல்லைக்கு உரியது.

இன்னொருவர் இதே முறையில் சாயங்காலத்தைப் பிரித்து, ஞாயிறு 'சாயும்' காலம் என்று எழுதியிருந்தார். எற்றுதலில் நான் சறுக்கியதும் இப்படித்தான். வடமொழியில் 'சாயம்' என்ற சொல்லுக்கே மாலை என்று பொருள். அதுதான் காலத்தோடு சேர்ந்து நம்மிடம் வந்திருக்கிறது.