மதுரைல இருந்து மகிழ்மதிக்கு: கூட்டாளிகளோட போயி பாகுபலி செட்டை ஒழுங்கா பாத்துட்டு வர்றது எப்டி

பாகுபலி படத்த 2015 ஜூலை 10-ஆம் தேதி மொத நாள் பாத்தவங்களுக்கும் சரி, ரெண்டு பாகத்தையும் சேத்து 2025 அக்டோபர் 31-ல ஒரே படமா விட்டப்ப மறுபடி பைத்தியம் புடிச்சவங்களுக்கும் சரி, ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டில இருக்குற, படத்துல வர்ற மகிழ்மதி ராஜ்ஜியத்தோட செட்டை ஒரு தடவ நேர்ல பாத்துரணும்னு ஆசை இருக்கும். நாங்க மதுரைல இருந்து ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டோம். மொதத் தடவ பதினோரு பேரு, அஞ்சு நாள் லீவு போட்டுப் போனோம், ஆனா செட்டுக்குள்ள நின்னது மொத்தமே இருபது நிமிஷம் தான், ஏன்னா ஆளுக்கு ஒரு பக்கம் ரைடு, ஷோ, கடைன்னு பிரிஞ்சு போயி கடைசில ஓடிப்போயி செல்ஃபி எடுத்துட்டு வந்தோம். அது மனசுல ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது தடவ ஏழு பேரு போயி, அந்த ஒரு எடத்துக்காகத்தான் மத்த எல்லாம்னு முடிவு பண்ணி, மூணு மணி நேரம் அங்கயே இருந்தோம். அந்த ரெண்டாவது தடவய வச்சுத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல ஆளு. நெறய பேரு வேணாம், ஆறு ஏழு பேரு போதும். ஐஆர்சிடிசில ஒரு டிக்கெட்டுக்கு ஆறு பேருக்கு மேல போட முடியாது, அதுக்கு மேல போனா ரெண்டு டிக்கெட்டாகி ஆளுக்கொரு பெட்டில கெடப்பீங்க (எங்களுக்கே ஏழாவது ஆளு தனிப் பெட்டி தான்). அதோட வசனம் ஒப்பிக்கிற ஆளா மட்டும் சேக்காதீங்க, கைத்தொழில் தெரிஞ்சவங்கள கெஞ்சியாவது கூட்டிட்டுப் போங்க. எங்க கூட கல்யாண மேடை டெக்கரேஷன் போடுற மேலூர் தம்பி ஒருத்தன் வந்தான், புதுமண்டபத்துல ரொம்ப வருஷம் தையல் மிஷின் போட்டிருந்த அக்கா ஒருத்தவங்க வந்தாங்க. இவங்க ரெண்டு பேரு இல்லேன்னா நாங்க பாதி விஷயத்த பாத்திருக்கவே மாட்டோம், அது சத்தியம்.

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாரும் சேந்து ஒரு சாயங்காலம் திருமலை நாயக்கர் மகால் போயிட்டு வாங்க. இத நான் கண்டிப்பா செய்யச் சொல்வேன். 1636-ல கட்டுன அரண்மனை, அந்தத் தூண் ஒவ்வொண்ணும் உள்ள செங்கல், வெளிய சுண்ணாம்புச் சுதை. ஒரு ஆளு கட்டிப் புடிக்க முடியாது. அத கையால தொட்டுப் பாத்து, அண்ணாந்து பாத்து, வெளிச்சம் எங்கிட்டு இருந்து விழுதுன்னு மனசுல வாங்கிக்கங்க. அப்பறம் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல யாளித் தூணு. சினிமா வர்றதுக்கு எத்தன நூறு வருஷம் முன்னாடியே நம்மாளுக கல்லுல இப்டி ஒரு மிருகத்த கற்பனை பண்ணி வச்சிருக்காங்கன்னு பாத்துட்டுப் போனா, செட்டுல நிக்கிற யானைச் சிலையப் பாக்கும்போது வேற கண்ணு வந்துரும். கோயிலுக்குள்ள செல்ஃபோன் விட மாட்டாங்க, அதுவும் நல்லதுதான், கண்ணால மட்டும் பாப்பீங்க.

இப்ப ரயிலு. மதுரைல இருந்து ஹைதராபாத்துக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், காசு இருக்குறவங்க அப்டியே போங்க. ஷம்ஷாபாத் ஏர்போர்ட்ல எறங்கி அவுட்டர் ரிங் ரோடு புடிச்சா பெத்த அம்பர்பேட்டைல எறங்கி விஜயவாடா ரோட்டுக்கு வந்துரலாம், ஃபிலிம் சிட்டி அந்த ரோட்லயே தான். ஆனா கூட்டாளிகளோட போறதுன்னா ரயில் தான் சொகம், படத்தப் பத்திப் பேசிக்கிட்டே போலாம். நாங்க போன வழி என்னன்னா, காலைல வெள்ளன வைகை எக்ஸ்பிரஸ், மத்தியானம் தாம்பரம். அங்க இருந்து சாயங்காலம் கெளம்புற சார்மினார் எக்ஸ்பிரஸ், மறுநாள் காலைல ஹைதராபாத் நாம்பள்ளி. எழும்பூர் போகாதீங்க, தாம்பரத்துலயே எறங்கிருங்க, சார்மினார் அங்க இருந்து தான் பொறப்படுது, ஏறி நிம்மதியா உக்காந்துக்கலாம். நடுவுல சில மணி நேரம் கெடைக்கும், குளிச்சு சாப்ட்டுக்கலாம், வைகை லேட்டானாலும் பதறத் தேவையில்ல.

டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி தான் ஓப்பன் ஆகும், முன்ன இருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோட போச்சு. காலைல எட்டு மணிக்கு ஒருத்தர் வைகைக்கும் இன்னொருத்தர் சார்மினாருக்கும்னு ரெண்டு ஃபோன்ல ஒரே நேரத்துல போடுங்க, திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு தேதிய கணக்குப் பண்ணி அலாரம் வச்சுக்கங்க. தட்கல் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, தட்கல்ல ஒரு டிக்கெட்டுக்கு நாலு பேரு தான், 2025 ஜூலைல இருந்து ஆதார் இணைச்ச அக்கவுண்ட் இருந்தாத்தான் ஆன்லைன்ல போடவே விடும்.

காசு விஷயத்துல சூதானமா இருக்கணும், ஏன்னா கூட்டாளி ட்ரிப்புல மனக்கசப்பு வர்றதே இதுல தான். ஒருத்தர் கையில பொதுப்பணம், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒரே தொகைய அனுப்பிரணும், அப்பறம் தரேன் மாப்ளன்னு சொல்றவருக்கு சீட்டு கெடையாதுன்னு மொதல்லயே பக்குவமா சொல்லிருங்க. டீ முதக்கொண்டு பொதுக்காசுல போட்டு, தெனம் ராத்திரி கணக்க குரூப்ல அனுப்பிட்டா பேச்சே வராது. பயண ஏஜெண்டு மூலமா ஃபிலிம் சிட்டி டிக்கெட் வாங்க வேணாம்ங்கறது என் கருத்து. மொதத் தடவ ஒரு ஏஜெண்ட நம்பி, அவரு சொன்ன வண்டி வரவே இல்ல, கேட்டா ஃபோன எடுக்கல. நுழைவு டிக்கெட்ட அவங்க சொந்த வெப்சைட்லயே போட்டுக்கங்க, வெல மாறிக்கிட்டே இருக்கும், பாகுபலி செட்டு அன்னைக்கு டூர்ல இருக்கான்னும் அங்கயே உறுதி பண்ணிருங்க.

நாம்பள்ளில எறங்குனா ஸ்டேஷன் பக்கத்துலயே மெட்ரோ. சிவப்பு லைன், எல்.பி. நகர் பக்கம் போற வண்டி, அது தான் கடைசி ஸ்டாப். எல்.பி. நகர், தில்சுக்நகர் பக்கமே ரூம் எடுத்துட்டா மறுநாள் காலைல ஃபிலிம் சிட்டி கிட்டக்க, அங்க இருந்து அரசு பஸ்ஸும் போகுது, ஆட்டோவும் கெடைக்கும். ரசிகர்கள் கிரீடம், வாளுன்னு எடுத்துட்டு வர்ற பழக்கம் இருக்கு, மெட்ரோல பை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணுவாங்க, அட்டை வாளா இருந்தாலும் நிறுத்தி வச்சுக் கேள்வி கேப்பாங்க, வீட்லயே வச்சுட்டு வாங்க. ஆட்டோக்காரங்க இந்தி, தெலுங்குல தான் பேசுவாங்க. தெலுங்குல 'எந்த'ன்னா எவ்வளவு, 'எக்கட'ன்னா எங்க, இந்த ரெண்ட வச்சே நாங்க பூராம் சமாளிச்சோம்.

வந்து எறங்குன அன்னைக்கே ஃபிலிம் சிட்டிக்கு ஓடாதீங்க, ராத்திரி பூராம் ரயில்ல வந்த ஒடம்பு தாங்காது. அன்னைக்கு சாலார் ஜங் மியூசியம் போங்க, வெள்ளிக்கெழம மட்டும் லீவு. அங்க வாளு, கேடயம், கவசம்னு நெசமா மனுசன் போட்டு சண்டை போட்டதெல்லாம் இருக்கு. எங்க தையல் அக்கா கவசத்துக்கு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னு, இந்தக் கனத்த மாட்டிக்கிட்டு ஒருத்தன் கைய எப்டி மேல தூக்குனான்னு தோள்ப்பட்டை இணைப்ப மட்டும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மறுநாள் செட்டைப் பாக்கும்போது அந்தக் கனம் கையில இருக்கும்.

அடுத்த நாள் ஃபிலிம் சிட்டி. 1996-ல தொடங்குனது, 1,666 ஏக்கர், உலகத்துலயே பெரிய ஃபிலிம் ஸ்டுடியோன்னு கின்னஸ்ல இருக்கு. அதனால எல்லாத்தையும் பாத்துரலாம்னு நெனைக்கவே வேணாம். சனி ஞாயிறு வேணாம், ஏப்ரல் மே வேணவே வேணாம், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஒரு வேலை நாளாப் பாத்து, காலைல ஒம்போது மணிக்கு கேட்டு தெறக்கும்போதே நில்லுங்க. உள்ள அவங்க பஸ்ல தான் ஸ்டாப் ஸ்டாப்பா கூட்டிட்டுப் போவாங்க, ஏறும்போதே கைடுகிட்ட பாகுபலி செட்டு எத்தனாவது ஸ்டாப்பு, அங்க எறங்கிட்டா அடுத்தடுத்த பஸ்ல ஏறிக்கலாமான்னு கேட்டு வச்சுக்கங்க. ஷோ பாக்கணும்னு ஆசப்படுறவங்கள மறிக்காதீங்க, செட்டுல இத்தன மணில இருந்து இத்தன மணி வரைக்கும் எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு மட்டும் ரயில்லயே பேசி முடிச்சிருங்க.

செட்டுக்குள்ள போனதும் மொத பத்து நிமிஷம் ஃபோன பையில போட்டுட்டு சும்மா நடங்க. பெரிய பெரிய யானை, தூணு, முற்றம்னு நிக்கும். எனக்கு ரெண்டாவது தடவயும் தொண்டை அடச்சுருச்சு. அதுக்கப்பறம் வேலைய ஆரம்பிங்க.

வீட்லயே படத்த ஓட்டி அரண்மனை வர்ற காட்சில ஏழெட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. ஒவ்வொண்ணா ஃபோன்ல தெறந்து, தூணு, படி இதுகள அடையாளமா வச்சு, கேமரா எங்க நின்னுருக்கும்னு தேடி அந்த எடத்துல போயி நில்லுங்க. படத்துல வானத்த முட்டுற கட்டடம் நேர்ல ஒரு ஒயரத்தோட நின்னுரும். அதுக்கு மேல உள்ளது பூராம் கம்ப்யூட்டர்ல சேத்தது. அந்தக் கோடு எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கிறது தான் இந்தப் பயணத்துலயே பெரிய சந்தோஷம், நாங்க ஏழு பேரும் ஒரே ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அரை மணி நேரம் வாதாடுனோம். நடிகர் நிக்கிற ஒயரம், அவரு கை படுற எடம், குதிரை போற பாதை எல்லாம் நெசம், அதுக்கு மேல கண்ணு தானா நம்பிரும். முதல் பாகத்துக்கு சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் தேசிய விருது கெடச்சது, அது எதுக்குன்னு அந்த எடத்துல நின்னாத்தான் வெளங்கும்.

அப்பறம் பின்பக்கம் பாருங்க, விடுற எடம் வரைக்கும். கயிறு கட்டியிருந்தா தாண்டாதீங்க, தட்டிப் பாக்கலாமான்னு அங்க நிக்கிறவங்கள கேட்டுட்டு செய்ங்க. மேலூர் தம்பி தூண விரல் கணுவால லேசா தட்டிட்டு, அண்ணே உள்ள காலிண்ணே, மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அந்த வளைவு மட்டும் ஃபைபர், அச்சு எடுத்து ஊத்திருக்காங்கண்ணேன்னான். சத்தத்த வச்சே சொல்றான். கல்லு மாதிரி தெரியிறதுக்கு காரணம் பெயிண்ட்டு தான், மொதல்ல கருப்ப அடிச்சு, மேல பழுப்ப ஒத்தி எடுத்து, மழைத்தண்ணி வடிஞ்ச கறை மாதிரி கோடு இழுத்திருக்காங்கன்னு அவன் காட்டுனப்பறம் தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. நாயக்கர் மகால் தூணத் தொட்ட கை இதத் தொடும்போது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒடனே தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கண்ணை ஏமாத்துற வேலைக்கு எத்தன பேரு எத்தன ராத்திரி முழிச்சிருப்பாங்க.

இதுக்கெல்லாம் தலைமை நம்ம வால்பாறைல பொறந்த கலை இயக்குநர் சாபு சிரில். வில்லன் பல்வாள்தேவன் ஓட்டிட்டு வர்ற அந்த பிளேடு சுத்துற ரதத்துக்குள்ள புல்லட் எஞ்சின் வச்சு, உள்ள ஒரு டிரைவர உக்கார வச்சு ஓட்டுனாங்கன்னு எங்க கூட வந்த அலங்காநல்லூர் மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு அன்னைக்கு பூராம் சக்கரத்துக்கு பவர் எப்டிக் கடத்திருப்பாங்கன்னு மண்ணுல படம் போட்டுக்கிட்டே இருந்தாரு. இந்த மாதிரி துணுக்குகள ஆளுக்கு ரெண்டு படிச்சுட்டு வரணும்னு முன்னாடியே பிரிச்சுக் குடுத்துருங்க. ஒருத்தர் ஆடை, ஒருத்தர் ஆயுதம், ஒருத்தர் காலகேயர்கள் பேசுறதுக்காக மதன் கார்க்கி உண்டாக்குன கிளிக்கி பாஷை, படத்துக்காக உண்டாக்குனப்பவே அதுக்கு சுமாரா 750 வார்த்தையும் 40 இலக்கண விதியும் இருந்துச்சு. செட்டுல உக்காந்து ஆளுக்கு அஞ்சு நிமிஷம் சொன்னா பக்கத்துல வேற ஊருக்காரங்களும் வந்து நின்னு கேப்பாங்க, எங்களுக்கு அப்டித்தான் ஒரு விஜயவாடா குடும்பம் பழக்கமாச்சு.

தண்ணி, தொப்பி, பவர் பேங்க், தேயாத செருப்பு, இவ்வளவு தான் சாமான். கட்டுச்சோறு ரயிலுக்கு மட்டும், புளியோதரையும் பொடி தடவுன இட்லியும் மறுநாள் காலை வரைக்கும் தாங்கும். பிரியாணிய ராத்திரிக்கு வச்சுக்கங்க, மத்தியானம் சாப்ட்டா வெயில்ல நடக்க முடியாது. நம்ம சீரகச் சம்பா மாதிரி இருக்காது, நீள அரிசி, மசாலா அடில கெடக்கும், நல்லா கெளறிப் போடச் சொல்லணும். நாலாவது நாள் காலைல கோல்கொண்டா பாத்துட்டு சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா, அடுத்த நாள் மத்தியான வைகைய தாம்பரத்துல புடிச்சு ராத்திரி மதுரை.

இம்புட்டு தூரம் இப்போதைக்கு முடியாதுன்னா, படத்துல ஹீரோ ஏறுற அருவிக்கு அடிப்படையா எடுத்த அதிரப்பள்ளிக்குப் போங்க. நேர்ல சுமாரா 80 அடி தான், அத மலை ஒயரத்துக்கு மாத்துனது கிராபிக்ஸ், அங்கயும் அதே ஸ்க்ரீன்ஷாட் வேலைய செய்யலாம். பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை வழியா காட்டு ரோடு. அதுல இருட்டுனப்பறம் வண்டிய விட மாட்டாங்க, அதனால வால்பாறைல ராத்திரி தங்கிட்டு விடிஞ்சதும் கெளம்பிருங்க.