இருட்டில் சைக்கிளில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

குலசேகரம் பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள், தக்கலையில் கடை அடைத்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறவர்கள் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் உண்டு, அவர்களுக்காகத்தான் இது.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பின்விளக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வளைவு திரும்பி வேகமாக வரும் டிப்பர்காரருக்கு உங்கள் முதுகு மட்டும்தான் தெரியும். பெடல் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் அசைவதால் சைக்கிள் என்று உடனே புரிந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, கறுப்பு மழைக்கோட்டு வேண்டாம்.

சரி, அடிபட்டுவிட்டால்? சைக்கிளுக்கு லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லைதான், ஆனால் அதனால் உங்களுக்கு நஷ்டஈடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது அந்த வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ், உங்களையும் சேர்த்துத்தான். உங்களிடம் விளக்கு இல்லை என்றால் தொகை குறையலாம், ஆனால் வண்டி ஓட்டியவர் மேல் தவறு இருக்கும்போது அந்த ஒரு காரணத்தால் உரிமையே போய்விடாது.

மோதிவிட்டு நிற்காமல் போய், வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் அரசுத் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், அதைக் கையோடு வாங்கிவிடுங்கள்.