182 நாள் முடிந்த பிறகு: ஜே.எஸ்.ஏ. நின்றால் லண்டனில் என்ன செய்வது

பழுப்பு உறைக் கடிதம் வந்தபோது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. 2025 நவம்பர் 23-உடன் உங்கள் நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. (வேலை போய் வேலை தேடுகிறவர்களுக்கு அரசு தருகிற காசு) முடிகிறது என்று அதில் இருந்தது. நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன், அதனால்தான் நிறுத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜொப்சென்ரர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சைன் பண்ண ஒருநாளும் பிந்திப் போகவில்லை, வேலைக்கு விண்ணப்பித்த கணக்கெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது: பிழை ஒன்றுமில்லை, நாள் முடிந்துவிட்டது. இது 182 நாளுக்கு மட்டும் தருகிற காசு. மே 26-இல் தொடங்கியது, எண்ணிப் பார்த்தால் சரியாக நவம்பர் 23.

ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற சமையற்கூடம் ஒன்றில் பதினொரு வருசம் வேலை செய்தேன். ஆட்குறைப்பில் வேலை போனது. கணவருக்குக் கடையில் வேலை, கைக்கு வருவது மாதம் 1,500 பவுண் அளவில். பிள்ளைகள் இரண்டு பேர், 15 வயதும் 11 வயதும். வாடகை வீடு. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜே.எஸ்.ஏ. கிடைத்தபோது இதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. அது நின்ற பிறகு எல்லாவற்றையும் கேட்டார்கள்.

நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. என்பது சம்பளத்தில் நீங்கள் கட்டிய நஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிக் காசைப் பார்த்துத் தருவது. நான் 2025-இல் கேட்டதால் 2022-23, 2023-24 என்ற இரண்டு வரி வருசங்களில் நான் கட்டியதைப் பார்த்தார்கள். புருசனின் சம்பளம், வங்கியில் கிடக்கிற காசு, ஊர்க் காணி எதுவும் அதைத் தொடாது. கிழமைக்கு 92.05 பவுண் (25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 72.90), 26 கிழமைக்கு மொத்தம் 2,393 பவுண் சொச்சம். நான் இங்கே சொல்கிற தொகைகள் 2025 ஏப்ரலில் தொடங்கிய வருசத்துக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலும் மாறும்.

அது முடிந்தால் அடுத்த கதவு யூனிவர்சல் கிரெடிற், வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசு மாதாமாதம் தருகிற காசு. அது உங்களைத் தனியாகப் பார்க்காது, வீட்டைப் பார்க்கும். கலியாணம் கட்டியோ கட்டாமலோ சேர்ந்து வாழ்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஒன்லைன் கணக்குத் திறந்து, ஒருவருக்குக் கிடைக்கிற குறியீட்டை மற்றவர் போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும். "எனக்கு வேலை இருக்குத்தானே, என்னை ஏன் இழுக்கிறாங்கள்?" என்று கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவரும் தன் பங்குக்கு யூனிவர்சல் கிரெடிற் ஒப்பந்தத்தை ஏற்கத்தான் வேண்டும்.

இனி நான் விட்ட பிழை. கூட வேலை செய்த ஒருவர், "ஜே.எஸ்.ஏ. எடுக்கிற ஆக்கள் யூனிவர்சல் கிரெடிற் கேக்கேலாது" என்று சொன்னார். நம்பினேன். அது முழுப் பிழை. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஜே.எஸ்.ஏ. காசை யூனிவர்சல் கிரெடிற்றிலிருந்து அப்படியே கழிப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளும் வாடகையும் உள்ள வீட்டுக்குக் கழித்தும் மிஞ்சும். எங்களுக்கு மே மாதத்திலிருந்தே மாதம் 150 பவுணுக்கு மேல் வந்திருக்கும், வாடகைக்குரிய பங்கு வேறு. ஆறு மாதக் காசு போனது போனதுதான். பின்திகதியிட்டு எடுப்பதென்றால் மிகக் குறைந்த காரணங்களுக்கு, அதுவும் ஒரு மாதத்துக்குத்தான்.

அதனால் கடைசி நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். யூனிவர்சல் கிரெடிற்றில் முதற்காசு வர ஐந்து கிழமை எடுக்கும்: ஒரு மாதம் கணக்குப் பார்க்கிற காலம், அதற்கு மேல் ஏழு நாள். நான் நவம்பர் 24-இல் விண்ணப்பித்தேன், காசு வந்தது டிசெம்பர் 30. நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஜே.எஸ்.ஏ. முடிய ஐந்தாறு கிழமை இருக்கும்போதே போட்டிருந்தால் அந்த இடைவெளி விழுந்திராது. இடையில் கை கடித்தால் அட்வான்ஸ் கேட்கலாம். ஒரு மாதத் தொகை வரைக்கும் தருவார்கள், வட்டியில்லை. ஆனால் அது கடன். 24 மாதத்துக்குள் ஒவ்வொரு மாதமும் வெட்டி எடுப்பார்கள். கேட்கிறதென்றால் வாடகைக்குத் தேவையான அளவு மட்டும் கேளுங்கள்.

எவ்வளவு வரும் என்ற கணக்கை எங்கள் வீட்டையே வைத்துச் சொல்கிறேன். தம்பதிக்கு அடிப்படை 628.10. மூத்த பிள்ளை 2017 ஏப்ரல் 6-க்கு முன் பிறந்தபடியால் 339.00, இளையவனுக்கு 292.81. கூட்டினால் 1,259.91, அதற்கு மேல் வாடகைப் பங்கு. வாடகைப் பங்கு உங்கள் பகுதிக்கு என்று வைத்திருக்கும் உச்சத் தொகையைத் தாண்டாது. லண்டனில் அது முழு வாடகையையும் மூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இனிக் கழிவு. கணவரின் 1,500-இல் முதல் 411 பவுணைத் தொடமாட்டார்கள் (வாடகைப் பங்கு எடுக்காத வீட்டுக்கு அது 684). மிச்சம் 1,089-இல் நூற்றுக்கு 55 கழியும், அது 598.95. ஆக 660.96-உம் வாடகைப் பங்கும்.

அடுத்தது சேமிப்பு. 6,000 பவுண் வரை பிரச்சினையில்லை. 16,000-க்கு மேல் இருந்தால் ஒரு சதமும் இல்லை. இடையில் இருந்தால் 6,000-க்கு மேலான ஒவ்வொரு 250 பவுணுக்கும், அதில் ஒரு துண்டுக்கும்கூட, மாதம் 4.35 கழிப்பார்கள். ஆட்குறைப்புக் காசில் மிச்சமும் சேர்த்து எங்களிடம் 9,100 இருந்தது. அதில் 13 துண்டு, 56.55 பவுண். கடைசியில் 604.41-உம் வாடகைப் பங்கும். பிள்ளைகளுக்கென்று அரசு தருகிற சைல்ட் பெனிபிற்றை இதில் கழிக்கமாட்டார்கள்.

சேமிப்பு என்ற இடத்தில்தான் எங்கட சனம் தடுக்கி விழுகிறது. நகை கணக்கில் வருமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. தாலிக்கொடி, காப்பு, பிள்ளையின் சங்கிலி எல்லாம் சொந்தப் பொருட்கள், அவை சேராது. ஆனால் சேமிப்பைக் குறைத்துக் காட்டுவதற்காகவே வேலை போன பிறகு ஓடிப்போய் நகை வாங்கினால் அதைச் சேர்ப்பார்கள். சீட்டு எடுத்த காசு வங்கியில் கிடந்தால் அது சேமிப்புத்தான். ஊர்க் காணி சேரும். "அது சிலோனில, இவங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் உள்ள, நீங்கள் குடியிருக்காத வீடும் காணியும் மூலதனம் என்றே எடுப்பார்கள். சந்தை விலையில் விற்கிற செலவுக்கு நூற்றுக்குப் பத்தும், அதன் மேலிருக்கிற கடனும் கழியும். சகோதரங்களோடு பங்கென்றால் உங்கள் பங்குக்கு உள்ள விலை. பிரிக்காத காணி, வழக்கில் கிடக்கிற காணி என்றால் அந்தப் பங்கை யார் வாங்குவார்கள்? விலை குறையும், அதை எழுத்தில் காட்டலாம். ஆனால் மறைக்கக் கூடாது. பிறகு பிடிபட்டால் வாங்கிய காசு முழுதையும் திருப்பிக் கேட்பார்கள், வழக்கும் வரலாம்.

தம்பிக்கு ஐயாயிரம் அனுப்பிக் கணக்கைக் குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெனிபிற் எடுக்கிறதுக்காகக் காசைக் கைமாற்றினால் அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். உண்மையான கடனை அடைத்தால் அப்படி எடுக்கமாட்டார்கள். கிரெடிற் கார்ட்டை அடைத்த பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

விசா விசயமும் இங்கே வருகிறது. நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. நீங்கள் கட்டிய காசு என்பதால் அது பப்ளிக் பண்ட்ஸ் (சில விசாக்காரர் எடுக்கக் கூடாத அரசு உதவிகள்) என்ற கணக்கில் இல்லை. யூனிவர்சல் கிரெடிற் அந்தக் கணக்கில் இருக்கிறது. பப்ளிக் பண்ட்ஸ் இல்லை என்று உங்கள் விசாவில் இருந்தால் ஜே.எஸ்.ஏ.யிலிருந்து இதற்குத் தாவக் கூடாது, விசாவையே பாதிக்கும். கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும் அப்படி இருந்தால் மற்றவர் கேட்கலாம். தனி ஆளுக்குரிய அடிப்படைதான் கிடைக்கும், ஆனால் இருவரது சம்பளத்தையும் சேமிப்பையும் பார்ப்பார்கள். பிரான்ஸ், ஜேர்மனி, ஒல்லாந்து பாஸ்போட்டோடு வந்து ப்ரீ-செற்றில்ட் என்ற தற்காலிக வதிவிட நிலையில் இருப்பவர்களுக்கு அந்த நிலை மட்டும் போதாது, இங்கே வேலை செய்தவர் என்பது போன்ற வதிவிட உரிமையையும் காட்ட வேண்டும். செற்றில்ட் என்ற நிரந்தர நிலை கிடைத்தவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. இந்த இரண்டு வகையிலும் விண்ணப்பத்தைத் தொட முன் ஆலோசனை எடுங்கள்.

யூனிவர்சல் கிரெடிற் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் என்ன செய்வது? என்னோடு வேலை செய்த அக்கா ஒருவருக்கு 56 வயது. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், சேமிப்பு 16,000-க்கு மேல். "காசில்லாமல் எதுக்குப் பிள்ளை இனிச் சைன் பண்ணப் போறது" என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. காசு நின்றாலும் வேலை தேடுவதைக் காட்டிச் சைன் பண்ணிக்கொண்டே போனால் கிழமைக்கு ஒரு நஷனல் இன்சூரன்ஸ் கிரெடிற் விழும், அந்தக் கிழமைக்கு நீங்கள் கட்டியது போலக் கணக்கு. அவர் 1999-இல் வந்தவர், அகதி விண்ணப்பம் முடியும்வரை ஐந்து வருசம் வேலை செய்ய விடவில்லை. முழு ஸ்ரேற் பென்சனுக்கு (அரசு ஓய்வூதியத்துக்கு) 35 வருசம் வேண்டும், பத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. எங்களைப் போலப் பிந்தி வந்தவர்களுக்கு ஒரு வருசம் ஓட்டையாகப் போவது சின்ன விசயமில்லை. 2025-26-இல் முழுப் பென்சன் கிழமைக்கு 230.25; ஒரு வருசத்தின் பங்கு ஆறரைப் பவுண், சாகும்வரை. அந்த ஓட்டையைக் கையிலிருந்து அடைப்பதென்றால் கிழமைக்கு 17.75, வருசத்துக்கு 923 பவுண். சைன் பண்ணினால் சும்மா. எத்தனை வருசம் சேர்ந்திருக்கிறது என்று அரசின் இணையத்தளத்தில் உங்கள் பெயரிலேயே பார்க்கலாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிற் உங்கள் பெயரில் வந்தால் கிரெடிற் எப்படியும் விழும், யூனிவர்சல் கிரெடிற் எடுத்தாலும் விழும். அக்காவுக்கு இரண்டும் இல்லை.

கவுன்சில் ரக்ஸ் (உள்ளூராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரி) குறைப்பு தனி விண்ணப்பம். யூனிவர்சல் கிரெடிற் போட்டால் அதுவும் சேர்ந்து போகும் என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அன்றே கவுன்சில் தளத்திலும் போடுங்கள், எவ்வளவு குறைப்பார்கள் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்.

மருந்துக் காசு: நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. எடுப்பதால் மட்டும் மருந்து சும்மா கிடைக்காது, மருந்துச்சீட்டில் காசில்லை என்ற பெட்டியில் புள்ளடி போட்டுத் தண்டம் கட்டியவர்களைத் தெரியும். யூனிவர்சல் கிரெடிற்றிலும் பிள்ளையுள்ள வீட்டுக்கு மாத உழைப்பு 935 பவுணுக்குள் இருந்தால்தான். எங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் கணவருக்குச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறார். குளிசையோ ஊசியோ எடுக்கிற சீனி வருத்தக்காரருக்கு ஜி.பி.யிடம் (குடும்ப டொக்ரரிடம்) படிவம் எடுத்து அனுப்பினால் விலக்குச் சான்றிதழ் வரும், அவருடைய எல்லா மருந்துக்கும் காசில்லை. ஒன்பது வருசமாக நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. 2025-இல் ஒரு மருந்துக்கு 9.90.

உண்மையாகவே உடம்பு ஏலாமல் போயிருந்தால் ஜே.எஸ்.ஏ. முடிந்ததைப் பற்றி யோசிக்காமல் வருத்தத்தால் வேலை செய்ய ஏலாதவர்களுக்குத் தருகிற நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ. பற்றிக் கேளுங்கள். அதுவும் கட்டிய நஷனல் இன்சூரன்ஸிலிருந்து வருவது, அதற்குத் தனி நாட்கணக்கு. டொக்ரரின் பிற் நோட் (உடம்பு ஏலாது என்ற சான்று) வேண்டும்.

ஜனவரி பிறந்தால் திரும்ப ஜே.எஸ்.ஏ. போடலாமா என்றும் கேட்கிறார்கள். தானாகத் திறக்காது. இரண்டு கிளெய்முக்கு நடுவில் 12 கிழமைக்கு மேல் இடைவெளி இல்லாவிட்டால் பழையதின் தொடர்ச்சியாகவே எடுப்பார்கள். புது வேலை செய்து, புது வரி வருசத்தில் போதிய அளவு கட்டி, பிறகு அதுவும் போனால் அப்போது கேட்கலாம்.

ஆங்கிலம் தயக்கமென்றால் ஜொப்சென்ரரில் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசு இல்லை. பிள்ளையைக் கூட்டிப்போய் உங்கள் வங்கிக் கணக்கையெல்லாம் அதன் வாயால் சொல்ல வைக்க வேண்டாம். விண்ணப்பம் போடுவதற்குச் இலவச ஆலோசனை தருகிற சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ஹெல்ப் ரு கிளெய்ம் என்ற உதவி இருக்கிறது, இங்கிலாந்துக்கு 0800 144 8444, அழைப்புக்குக் காசில்லை. தீர்மானம் பிழையென்று பட்டால் ஒரு மாதத்துக்குள் மீளப் பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். போனில் சொன்னதை நம்பி இருக்காமல் ஒன்லைன் ஜேர்னலில் (யூனிவர்சல் கிரெடிற் கணக்கில் செய்தி எழுதுகிற இடத்தில்) எழுதுங்கள், திகதியோடு நிற்கும்.

அக்கா திரும்பச் சைன் பண்ணத் தொடங்கிவிட்டார். வியாழன் பத்து இருபதுக்கு அவருக்கு நேரம், நானும் கூடப் போகிறேன்.