'கேப்டன் பிலிப்ஸ்' பார்த்துவிட்டுப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013-ல் வந்த ஹாலிவுட் படம் 'கேப்டன் பிலிப்ஸ்' பற்றிப் பேச்சு வந்தால், "தன் ஆட்களைக் காப்பாற்ற அந்தக் கேப்டன் தானாகவே பிணையாகப் போனார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முதல் தவறு இதுதான்.

2009 ஏப்ரல் 8 அன்று, கென்யாவின் மொம்பாசாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'மார்ஸ்க் அலபாமா' என்ற சரக்குக் கப்பலில் நான்கு சோமாலியக் கொள்ளையர்கள் ஏறினார்கள். கப்பலில் 20 பேர். பெரும்பாலானவர்கள் கீழே போய் ஒளிந்துகொண்டார்கள். கேப்டன் ரிச்சர்ட் பிலிப்ஸும் இன்னும் சிலரும் மேலே பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் அறையில்) துப்பாக்கி முனையில் சிக்கிக்கொண்டார்கள். அப்போதே அவர் பிணைக்கைதிதான். புதிதாகத் தன்னை ஒப்புக்கொடுக்க எதுவும் இல்லை. பின்னாளில் அவரே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். சொல்லப்போனால் படமும் அப்படிக் காட்டவில்லை. அன்றைய செய்திகளில் பரவிய கதையைப் படத்தின் மேல் நாம் ஏற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது, மற்ற 19 பேரையும் வெறும் பின்னணியாக நினைத்துவிடுவது. படம் கேப்டன் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் இருந்த இடத்தில்தான் கேமராவும் நிற்கும், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கப்பல் கொள்ளையர் கைக்கு முழுதாகப் போகாமல் தடுத்தது கீழே இருந்தவர்கள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள், கப்பலின் கட்டுப்பாட்டைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள். இருட்டில் தேடி வந்த கொள்ளையர் தலைவன் அப்துவலி மூசேயை சீஃப் இன்ஜினியர் கத்தியோடு பாய்ந்து மடக்கினார். அதன் பிறகுதான் பேரமே வந்தது: தலைவனைக் கொடுக்கிறோம், கேப்டனைக் கொடுங்கள். இவர்கள் கொடுத்தார்கள், அவர்கள் கொடுக்கவில்லை. கேப்டனோடு லைஃப்போட்டில் (உயிர்காப்புப் படகில்) ஏறிக் கிளம்பிவிட்டார்கள்.

கப்பலின் மாலுமிகளில் சிலர் பின்னர் கப்பல் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். கரையிலிருந்து 600 மைலாவது தள்ளிப் போகும்படி வந்த எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல் கப்பல் கரைக்கு நெருக்கமாகச் சென்றது என்பது அவர்கள் புகார். வழக்கு கேப்டன்மீது தொடுக்கப்பட்டதல்ல, ஆனால் அவருடைய முடிவுகளைப் பற்றிய விமர்சனம் அதில் இருந்தது. இதை வைத்து, படத்தில் டாம் ஹாங்க்ஸ் நடித்த கேப்டனைக் கழுவி ஊற்றுவதும் அவசரம்தான். ஒரே சம்பவத்தை 20 பேர் 20 விதமாகப் பார்த்திருப்பார்கள். நமக்குத் திரையில் கிடைத்தது ஒருவரின் பார்வை.

மூசேயின் வயதையும் நடிகரின் முகத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவனாக நடித்த பர்கத் அப்திக்கு அப்போது வயது 27-ஐ ஒட்டி. நிஜ மூசே பதின்ம வயதுக்காரன். அவனைச் சிறுவனாக நடத்துவதா, பெரியவனாக விசாரிப்பதா என்பதே அமெரிக்க நீதிமன்றத்தில் கேள்வியாக வந்தது. கடைசியில் பெரியவனாகவே விசாரித்தார்கள். 2011-ல் 33 ஆண்டுகள் 9 மாதச் சிறை. ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஆசை காட்டி அவனை மீட்புக்கு வந்த அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு வரவழைப்பதாகப் படம் காட்டுகிறது. கையில் பட்ட வெட்டுக்காயத்துக்குச் சிகிச்சை தேடி அவன் ஏறினான் என்பதுதான் அன்றைய செய்தி.

கொள்ளையரை அரக்கர்களாகப் பார்ப்பதும் தவறு, வாழ வழியில்லாத மீனவர்களாக மட்டும் பார்ப்பதும் தவறு. 1991-ல் சோமாலிய அரசு குலைந்த பிறகு வெளிநாட்டு இழுவைப் படகுகள் அந்தக் கடலைச் சுரண்டியது உண்மை. அதே சமயம், கரையில் பணம் போட்டவன் ஒருவன், உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போனவன் வேறொருவன் என்று கடற்கொள்ளை ஒரு தொழிலாகவே மாறியிருந்தது. அவர்கள் பிடித்த அந்தக் கப்பலில் ஆப்பிரிக்க நாடுகளுக்கான உணவு உதவியும் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு வேறு. கடலில் யாரைப் பிடித்தாலும் இப்படித்தான் கடற்படை வந்து மீட்கும் என்ற நம்பிக்கை. ஏப்ரல் 12 அன்று 'பெயின்பிரிட்ஜ்' போர்க்கப்பலின் பின்தளத்திலிருந்து அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் வீரர்கள் சுட, லைஃப்போட்டில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள், கேப்டன் உயிரோடு மீண்டார். ஐந்தே நாள். இது அரிதிலும் அரிது. கப்பலின் கொடியும் கேப்டனின் குடியுரிமையும் அமெரிக்காவுடையதாக இருந்ததால் ஒரு வல்லரசின் கடற்படை உடனே வந்து நின்றது. 2010 செப்டம்பரில் கடத்தப்பட்ட 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஏப்ரலில் பணயத்தொகை கைமாறிய பிறகும் இந்திய மாலுமிகள் ஏழு பேரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தியா சிறைவைத்திருந்த சோமாலியக் கொள்ளையரை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேர் வெளியே வந்தது 2014 அக்டோபரில். அன்றைய பிணைக்கைதிகளில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் காத்திருந்து, பணம் கைமாறிய பிறகே வீடு திரும்பினார்கள்.

நடிப்பைப் பற்றியும் ஒன்று. மீட்கப்பட்ட பிறகு மருத்துவ அறையில் ஹாங்க்ஸ் உடைந்துபோகும் காட்சியை மிகை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது திரைக்கதையில் இருந்த காட்சியே அல்ல. எதிரில் இருந்தவர் நிஜமான கடற்படை மருத்துவ உதவியாளர்; தன் வழக்கமான பரிசோதனைக் கேள்விகளைத்தான் கேட்டார். பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் "இனி நான்தான் கேப்டன்" என்ற வசனமும் அப்தி அந்த இடத்தில் தானாகச் சொன்னது. ஆகவே இதை மூசே நிஜமாகச் சொன்னதாக மேற்கோள் காட்டாதீர்கள்.

அப்புறம், படம் முடிந்ததோடு அந்தக் கப்பலின் கதையும் முடிந்துவிடவில்லை. அதே 2009 நவம்பரில் 'மார்ஸ்க் அலபாமா'வைக் கொள்ளையர்கள் மறுபடியும் தாக்கினார்கள். ஏப்ரலில் அவர்களைத் தடுக்கத் தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்களை நம்பியிருந்த கப்பலில் இந்த முறை ஆயுதம் ஏந்திய காவலர்கள் இருந்தார்கள். அவர்கள் திருப்பிச் சுட்டதும் வந்தவர்கள் ஏற முடியாமல் போய்விட்டார்கள்.