இடைக்கால வீரர் குழுவில் சேர்ந்து பொறுப்பேற்பது எப்படி?

ஐரோப்பிய இடைக்காலத்து உடை உடுத்தி, பிரம்பு வாளால் சண்டையிட்டு, அந்தக் காலத்துச் சமையலைச் சமைத்துச் சாப்பிட்டு வார இறுதியைக் கழிக்கும் குழுக்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று எஸ்.சி.ஏ. எனப்படும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம். 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், டயானா பாக்ஸன் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு வாள்போட்டிதான் இதன் தொடக்கம். இன்று அது 20 'ராஜ்யங்கள்', அதாவது பெரிய வட்டாரப் பிரிவுகள், ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தது லோக்காக் ராஜ்யம். ஐரோப்பாவில் இருப்பது டிராக்கன்வால்ட். ஜப்பானும் கொரியாவும் வெஸ்ட் ராஜ்யத்துக்கு உட்பட்ட 'ஃபார் வெஸ்ட்' பரோனி என்ற கிளையைச் சேர்ந்தவை.

இந்த ஃபார் வெஸ்ட் போன்ற குழுக்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்கப் படைத்தளங்களை ஒட்டி வளர்ந்தவை அவை. படைத்தளத்தில் இயங்கும் கிளைக்கு 'ஸ்ட்ராங்ஹோல்ட்' என்றும், போர்க்கப்பலில் இயங்கும் கிளைக்கு 'போர்ட்' என்றும் தனிப்பெயரே உண்டு. ஆட்கள் வருவார்கள், நன்றாகப் பழகுவார்கள், சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகிற நம்மவர்கள் சேரும் சிறு கிளைகளிலும் இதே நிலைமைதான். அதனால் சேர்வது எப்படி என்பதோடு, தாங்கி நடத்தி இன்னொருவர் கையில் ஒப்படைப்பது வரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: போய்ப் பாருங்கள்

உங்கள் ராஜ்யத்தின் இணையதளத்தில் கிளைகளின் பட்டியல் இருக்கும். அதில் 'சாட்டலேன்' அல்லது 'ஹாஸ்பிட்டலர்' என்ற பொறுப்பில் இருப்பவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். புதியவர்களை வரவேற்பதுதான் அவர் வேலை. பூங்காவில் நடக்கும் வாராந்திரப் பயிற்சிக்குச் சாதாரண உடையிலேயே போகலாம். உறுப்பினர் கட்டணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: உடை

முறையான நிகழ்ச்சிக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடை வேண்டும். 'முயற்சி' தெரிந்தால் போதும் என்பதே விதி. பல கிளைகளில் இரவல் உடைப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு 'கோல்டு கீ' என்று பெயர். முன்கூட்டியே சொன்னால் உங்கள் அளவுக்கு எடுத்து வைப்பார்கள்.

சொந்தமாகத் தைக்க வேண்டுமா? மூன்று மீட்டர் பருத்தித் துணியோ லினனோ வாங்குங்கள். தோளில் மடிப்பு வரும்படி மடித்து, 'டி' எழுத்து வடிவில் வெட்டி, பக்கவாட்டில் தைத்து, தலை நுழையக் கழுத்து வெட்டுங்கள். இடுப்பில் ஒரு தோல் பெல்ட். அவ்வளவுதான், முதல் டூனிக் தயார். வெள்ளை பெல்ட் மட்டும் வேண்டாம், அது நைட் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. பதக்கம் எதுவும் தொங்காத தங்கச் சங்கிலியும், தலையில் கிரீடம் மாதிரியான வளையமும் வேண்டாம், அவையும் பட்டம் பெற்றவர்களுக்கே.

ஐரோப்பியராகத்தான் வேடம் புனைய வேண்டும் என்பதில்லை. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது. கடல் கடந்து வணிகம் செய்த அந்தத் தமிழர்களில் ஒருவராக நீங்கள் வரலாம். ஆதாரத்தோடு வந்தால் ஆவலோடு கேட்பார்கள்.

மூன்றாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் குழம்புகிற இடம் இது. இங்கே இரண்டு விதத் தலைமை இருக்கிறது. அரசர் வாள்போட்டியில் வென்று வருகிறவர். வீரர் தன் துணைவரின் பெயரால் போட்டியில் இறங்குவார். வென்றால் இருவரும் முதலில் வாரிசுகளாகி, பிறகு முடிசூடுவார்கள். பெரும்பாலான ராஜ்யங்களில் ஆட்சி ஆறு மாதம், வெஸ்ட் ராஜ்யத்தில் நான்கே மாதம். அரசவை கூட்டுவதும் விருது கொடுப்பதும் அவர்கள் கையில்.

மற்றது அலுவலர்களின் தலைமை. செனஷல் என்பவர் கிளையின் நிர்வாகத் தலைவர். இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, அறிக்கை அனுப்புவது, சண்டை சச்சரவைத் தீர்ப்பது எல்லாம் அவர் தலையில். எக்ஸ்செக்கர் கணக்கு பார்ப்பார். மார்ஷல் களத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. ஹெரால்ட் அறிவிப்புகளையும், நீங்கள் சூட்டிக்கொள்ளும் பெயர், சின்னம் ஆகியவற்றின் பதிவையும் கவனிப்பார். கிரீடம் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் செனஷல் இல்லாமல் அடுத்த மாதம் பூங்காவில் இடம்கூடக் கிடைக்காது. சிறு கிளைக்கு அரசரைவிட இவரே முக்கியம் என்பேன்.

நான்காம் படி: களத்தில் நில்லுங்கள்

சண்டை போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒரு நாள் முழுக்க ஓரத்தில் நின்று பாருங்கள். இந்தக் கூட்டத்தின் நட்பு எதில் நிற்கிறது என்று அங்கே புரியும்.

வாள்கள் பிரம்பால் ஆனவை, குறைந்தது ஒன்றேகால் அங்குலம் தடிமன். தலையில் எஃகுக் கவசம். அடி உண்மையாகவே விழும். ஆனால் அடி பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்வதில்லை, பட்டவரே சொல்ல வேண்டும். காலில் நல்ல அடி விழுந்தால் அவரே மண்டியிட்டுத் தொடர்ந்து சண்டையிடுவார். கையில் விழுந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தலையிலோ மார்பிலோ விழுந்தால் "நல்ல அடி!" என்று சொல்லித் தானே சாய்வார். அரசப் பதவிக்கான இறுதிச் சுற்றிலும் இதுதான் முறை. கிரீடம் கைநழுவும் நேரத்திலும் எதிராளியின் அடியை ஒப்புக்கொள்கிற ஒருவரை நேரில் பார்த்துவிட்டால், அவர் சொல் கேட்டு நடக்க யாருக்கும் தயக்கம் வராது.

"ஹோல்ட்!" என்ற குரலும் அப்படித்தான். கவச வார் அறுந்தாலோ, யாராவது தடுக்கி விழுந்தாலோ, குழந்தை களத்துக்குள் ஓடி வந்தாலோ, பார்க்கிற எவரும் அந்தச் சொல்லைக் கத்தலாம். முதல் நாள் வந்த நீங்களும் கத்தலாம். அரசர் உட்பட எல்லோரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர் கொண்டு போங்கள்

குழுவில் ஒட்டிக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கவசத்துக்குள் வெந்துபோய் வரும் வீரர்களுக்குத் தண்ணீர், ஆரஞ்சுச் சுளை, உப்பில் ஊறிய வெள்ளரித் துண்டு கொடுப்பது வழக்கம். கையுறையைக் கழற்ற முடியாதவருக்கு வாயிலேயே ஊட்டிவிட வேண்டியிருக்கும். இரண்டு சுற்று கொடுத்தால் பத்துப் பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் போங்கள். பழைய கதைகள் அங்கேதான் கிடைக்கும்.

ஆறாம் படி: துணைப் பொறுப்பு கேளுங்கள்

சில மாதம் பழகிய பிறகு, "நான் உங்களுக்குத் துணையாக இருக்கட்டுமா?" என்று ஏதாவது ஓர் அலுவலரிடம் கேளுங்கள். சிறு கிளைகளில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, மறுக்க மாட்டார்கள். தைக்கத் தெரிந்தால் இரவல் உடைப் பெட்டி, கணக்கு தெரிந்தால் எக்ஸ்செக்கர், பேசப் பிடித்தால் ஹெரால்ட். எடுத்தவுடன் ஒரு முழு நிகழ்ச்சியை நடத்த ஒப்புக்கொள்ள வேண்டாம். அதில் சமையலறையை மட்டும், அல்லது வாசலில் பதிவை மட்டும் பாருங்கள்.

ஏழாம் படி: மற்றவருக்காக எழுதுங்கள்

அரசவையில் ஒருவரை அழைத்து மண்டியிடச் செய்து விருது கொடுப்பதைப் பார்ப்பீர்கள். அந்த விருதுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ எழுதிய ஒரு பரிந்துரை இருக்கும். அதை எழுதப் பதவி எதுவும் தேவையில்லை. ஆனால் தொலைவில் இருக்கும் கிளைகளுக்கு அரசர் அடிக்கடி வர முடியாது. அங்கே உழைக்கிறவரை அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்? "மிக நல்லவர்" என்று எழுதினால் பயனில்லை. யார், எந்த நிகழ்ச்சியில், என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். மாற்றலாகிப் போகப் போகிறவர் என்றால் நாளைக் குறிப்பிட்டு முன்கூட்டியே அனுப்புங்கள். இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எட்டாம் படி: ஒப்படையுங்கள்

பொறுப்பேற்ற வாரமே அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். செனஷலுக்குத் துணை ஒருவர் இல்லாத கிளை, அவர் ஊரைவிட்டுப் போன மாதமே படுத்துவிடும். ஒரு கோப்பு தொடங்கி, இடம் கொடுப்பவரின் தொடர்பு எண், அறிக்கை அனுப்ப வேண்டிய தேதிகள், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுகிறவர்கள், இரவல் பெட்டியில் உள்ள உடைகளின் பட்டியல், கவசங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பாவது ஒரு நிகழ்ச்சியை முழுக்க உங்கள் துணை அலுவலரிடம் விட்டுவிடுங்கள். அன்று நீங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்குங்கள். யாராவது உங்களைத் தேடி வந்து சந்தேகம் கேட்டால், "அவரிடம் கேளுங்கள்" என்று கை காட்டிவிடுங்கள்.